தண்ணீர் முறைச் செயலியும் இணைய மறுத்த டேட்டாபேஸும்

நிரல் எழுதக் கற்றுத்தருகிறோம் என்று பலகையில் போட்டிருக்கிறேன். உண்மையில் பாதி நாள், நிரலுக்கும் தகவலைச் சேமித்துவைக்கும் டேட்டாபேஸுக்கும் நடக்கும் சண்டையை விலக்கிவிடுவதுதான் என் வேலை. நோட் ஜேஎஸ் என்ற நிரல் கருவியைக் கற்பிக்கும் உங்களுக்கு இது புதிதல்ல.

தர்மபுரியில் உள்ள என் மையத்துக்கு இண்டூரிலிருந்து சுகுணாக்கா வந்தார். நூல் மில் வேலையை விட்டுவிட்டு வந்தவர். சேலத்தில் ஒரு கம்பெனி, அவருடைய புராஜெக்டை நேரில் காட்டச் சொல்லியிருந்தது. வேலை கிடைக்காவிட்டால் மறுபடி மில்தான். கூட்டுக் கிணற்றில் இன்று யாருக்குத் தண்ணீர் முறை என்று சொல்லும் செயலிதான் அந்தப் புராஜெக்ட்.

இணைப்பு மறுக்கப்பட்டது

டேட்டாபேஸோடு இணைய முடியவில்லை என்றே செயலி சொன்னதால், ஒரு காலைப்பொழுது முழுக்கக் கடவுச்சொல்லைச் சோதித்தோம். அதில் தவறில்லை. டேட்டாபேஸே ஓடவில்லை. அது ஓடும் கறுப்பு விண்டோவை, வேலை முடிந்ததும் அக்கா தினமும் மூடிவிட்டுப் போயிருக்கிறார். ஏன் என்று கேட்டேன்.

"தண்ணி பாச்சி முடிஞ்சா மோட்டார நிறுத்த வேணாங்களா மேடம்? சும்மா ஓடுனா உள்ள காயில் கருகிப் போயிருமில்ல!"

இணைப்புகள் அதிகம்

அடுத்து, பொத்தானைப் பல முறை அழுத்தினால் செயலி நின்றது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் புதிய இணைப்பைத் திறந்து, எதையும் மூடாமல் விட்டிருந்தார். சில இணைப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும் என்று படம் போட்டு நீளமாக விளக்கினேன்.

"நாலு வூட்டுக்கு ஒரு கெணறுன்னா அப்படித்தானுங்களே? ஆளுக்கொண்ணு வெட்டவா முடியும்? இதையா இவ்வளவு சுத்தி வளச்சுச் சொன்னீங்க!"

தொப்பூரில்

டேட்டாபேஸை இணையத்துக்கு மாற்றினோம். நேர்காணல் நாளன்று, சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாயில் ஒரு லாரி பழுதாகிக் குறுக்கே நின்றது, பேருந்தும் நின்றது. சும்மா இருப்பானேன் என்று அக்கா மடியில் மடிக்கணினியைத் திறந்து, கைப்பேசி இணையத்தில் செயலியை ஓட்டினார். டேட்டாபேஸோடு இணையவில்லை. எனக்கு போன் வந்தது.

நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால், மாறியது எது? இடம். என் மைய இணையத்திலிருந்து வந்தால் மட்டும் உள்ளே விடும்படி அமைத்திருந்தோம். எங்கிருந்தும் வரலாம் என்று இன்று மட்டும் திறந்துவையுங்கள் என்றேன். லாரி நகர்வதற்குள் செயலி ஓடிவிட்டது.

சேலத்தில் அவர்கள் கேட்ட முதல் கேள்வியே, ஏன் இப்படித் திறந்து கிடக்கிறது என்பதுதான். உள்ளே இருப்பது எல்லாம் பொய்ப் பெயர்கள், சாயங்காலம் பூட்டிவிடுவேன் என்று காரணத்தோடு சொல்லியிருக்கிறார். வேலை கிடைத்துவிட்டது. போனில் சொன்னார்:

"அந்த லாரிக்காரருக்கு ஒரு டீயாச்சும் வாங்கிக் குடுத்திருக்கணுங்க மேடம்."

கற்றுக்கொடுத்தது நான், கேள்விக்குப் பதில் சொன்னது அவர், டீ மட்டும் லாரிக்காரருக்கு என்பதுதான் எங்கள் தொழிலின் கணக்கு.