வெர்னாவின் பாதையில் படுத்த மான்கள்

மலையூரில் கோடையில் தார் போடுவதும் குளிரில் பனி தள்ளுவதும் ஹோல்ம்க்விஸ்ட்தான். அதனால் வெர்னாவின் செங்குத்தான வாசல் பாதை கெட்டுப்போனால், குளிர்காலம் முழுக்க அவள் வாய்க்குத் தப்ப முடியாது. தார் ஆலையோ குளிர்காலத்துக்காக மறுநாளே மூடுகிறது; கெட்டால் திரும்பப் போட வழியில்லை.

அவர் தார் போட்டு முடித்ததும் முதல் பனி விழுந்தது. வெதுவெதுப்பான பாதையில் பெரிய கொம்புள்ள எல்க் மான்கள் வந்து படுத்துக்கொண்டன.

"விரட்டுங்களேன்!" என்றாள் வெர்னா.

"கொம்பைப் பாத்துட்டுச் சொல்லுங்க. இப்ப ஜோடி தேடுற நேரம் வேற, கிட்ட போனா முட்டிடும்."

தார் ஆறியதும் அவை எழுந்து போயின. பாதை முழுக்கக் குளம்புத் தடம் இறுகிக் கிடந்தது.

"பனியில வழுக்காது," என்றார் ஹோல்ம்க்விஸ்ட்.

வெர்னா ஏறி இறங்கிப் பார்த்தாள். வழுக்கவில்லை.

"உங்களைவிட அதுங்க நல்லாவே வேலை செஞ்சிருக்குங்க," என்றாள்.