அண்ணன் சுமந்துபோன நாய்

பக்கத்து வீட்டு நாய் எங்கள் கீரைப் பாத்தியில்தான் வந்து படுக்கும். வயதான நாய். காது கேட்காது. தேநீர் நிறம். நடக்கும்போது பின்னங்கால்கள் இரண்டும் இரவல் வாங்கியவை போலத் தயங்கித் தயங்கி வரும். டெக்சாஸில், ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் ஆகஸ்ட் என்பது மாதமே அல்ல, அணைக்க மறந்த அடுப்பு. காலையில் பெரியப்பா தண்ணீர் பாய்ச்சிவிட்டுப் போன ஈர மண்ணைத் தவிர, அந்தத் தெருவில் குளிர்ச்சியான இடம் வேறெதுவும் அதற்குத் தெரிந்திருக்கவில்லை. வேலியில் ஒரு பலகை விழுந்திருந்த இடத்தின் வழியாக நுழையும். முளைக்கீரையின் மேல் ஒரு சுற்றுச் சுற்றும். மனிதரைப் போலப் பெருமூச்சு விட்டுப் படுக்கும்.

பெரியப்பாவுக்கு அந்தத் தோட்டம் உயிர். எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியர். பகலெல்லாம் குழாய்களின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் கணக்கிட்டுவிட்டு வந்து, சாயங்காலம் வெண்டைப் பூவின் முன்னால் குழந்தையைப் போல் குந்தியிருப்பார். அவருடைய வீட்டின் மாடியில்தான் நாங்களும் இருந்தோம். அப்பாவுக்கு ஹூஸ்டனில் வேலை கிடைத்து ஒரு வருஷம் ஆகியும் தனி வீடு பார்க்கவில்லை. எனக்கு எட்டு வயது. பெரியப்பாவின் ஒரே மகனான அண்ணனுக்குப் பதினைந்து.

அண்ணன், பெரியப்பா படிக்க வந்த காலத்தில் டெக்சாஸிலேயே பிறந்தவன். பிறகு அவர்கள் பாளையங்கோட்டைக்குத் திரும்பி, பல வருஷம் கழித்து மறுபடி வந்தபோது, மற்றவர்களெல்லாம் விசாவில் வந்தார்கள், அவன் மட்டும், அங்கே பிறந்ததால் கிடைத்த அமெரிக்க பாஸ்போர்ட்டில் வந்தான். "எங்க வீட்டு அமெரிக்காக்காரனுக்கு மொதத் தோசை" என்று பெரியம்மா தட்டில் போடுவாள். கேலிதான், கொஞ்சம் பெருமையும். அந்தக் கேலி எங்கே போய் நிற்கும் என்று தோசை வார்த்தவளுக்கும் தெரியாது, தின்றவனுக்கும் தெரியாது.

அன்று காலை நான் சமையலறை ஜன்னலில் நின்று பால் குடித்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா நாயைக் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், தோட்டத்து மூலையில் இருந்த தகர ஷெட்டுக்குள் தள்ளிப் பூட்டுப் போட்டார். உள்ளே வந்து சாவியை ஆணியில் மாட்டினார்.

"கெடக்கட்டும். சாயந்தரம் அந்தம்மா தேடி வந்து ஒரு சாரி சொல்லட்டும், தொறந்து விடுதேன்."

"தண்ணியாவது வைங்க," என்றாள் பெரியம்மா. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஷிஃப்டுக்கு நேரமாகியிருந்தது, ஒரு காலில் செருப்பு ஏறியிருந்தது.

"நம்மூர் நாயெல்லாம் தார் ரோட்டுல கெடக்கலியா? இதுக்கு மட்டும் ஏசி வேணுமோ?" என்றபடி கார் சாவியை எடுத்தார். இரண்டு கார்களும் ஃப்ரீவே பக்கம் போயின. அப்பா அதற்கு முன்பே போய்விட்டிருந்தார்.

வெயில் ஏறியது. நாய் குரைத்தது. பிறகு அது குரைப்பாக இல்லை, கதவைப் பிராண்டும் சத்தமாக இருந்தது.

"அம்மா, நாய் கத்துது."

"பெரியப்பா வந்து தொறப்பாங்க."

"சாவி இங்கதாம்மா இருக்கு."

"அத்தான் பூட்டுனத நான் எப்படிப் பிள்ள தொறக்க? சும்மா இரு."

அந்த வீட்டில் அம்மா, ஃபிரிட்ஜைத் திறப்பதற்கே "அக்கா, பால் எடுத்துக்கட்டுமா" என்று கேட்கிறவள். ஆணியைப் பார்த்தாள். ஜன்னலைச் சாத்தினாள். எனக்குக் கார்ட்டூன் போட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்தாள். மத்தியானம் டிவியை நிறுத்தியபோது வெளியே ஒன்றும் கேட்கவில்லை. "தூங்கிருச்சு பாத்தியா," என்றாள். நானும் நம்பினேன். அவளும் நம்பப் பார்த்தாள் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அண்ணன் பள்ளிக்கூட பேண்டில் ட்ரம்பெட் வாசிப்பவன். பயிற்சி முடிந்து வந்தால் நேரே தோட்டத்துக்குப் போய் நாயின் தலையில் குழாய்த் தண்ணீர் விடுவான். அது வாயைத் திறந்து குடிக்கும். அன்று பாத்தி காலியாக இருந்தது. ஒருநாளும் பூட்டாத ஷெட்டில் பூட்டுத் தொங்கியது. உள்ளே ஓடிவந்து, அம்மாவின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான். அவன் நாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது அதன் தலை அவன் முழங்கைக்கு வெளியே தொங்கியது. வேலி வழியாகப் போகவில்லை. வீட்டைச் சுற்றி, தெருவில் நடந்து, பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றான். கையில் நாய் இருந்ததால் மணியடிக்க முடியாமல், அப்படியே நின்றான்.

பக்கத்து வீட்டு அம்மாள் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். அவளும் நாயும்தான். அவள் அலறவில்லை. நாயை வாங்கிக்கொண்டு காரில் ஏற்றினாள். மிருக வைத்தியரிடம் போய், செத்த நாயோடு திரும்பியபோது பின்னாலேயே போலீஸ் கார் வந்தது. அதிகாரி ஒரு பெண். ஷெட்டுக்குள் போய்ச் சூட்டை அளந்தாள். கதவின் உள்பக்கத்துக் கீறல்களைப் படம் எடுத்தாள். இது கவனக்குறைவில்லை, தெரிந்தே செய்த வதை, இந்த மாநிலத்தில் பெலனி, அதாவது ஜெயிலுக்கு அனுப்பும் பெருங்குற்றம், பூட்டியது யார் என்று கேட்க மறுநாள் காலையில் வருகிறேன், எல்லோரும் வீட்டில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னவன் அண்ணன்.

சாயங்காலம் ஹாலில் பெரியவர்கள் கூடினார்கள்.

"ஒரு நாய அடைச்சதுக்குப் பெலனியா? நான் என்ன கத்திய எடுத்தா குத்தினேன்?" என்றார் பெரியப்பா.

"ஷெட்டுக்குள்ள எம்புட்டுச் சூடு ஏறும்னு இன்ஜினியருக்குத் தெரியாதான்னு கேப்பாங்க, அண்ணே," என்றார் அப்பா. எங்கள் சர்ச் சபையில் தெரிந்த ஒரு வக்கீலுக்கு, யாரோ நண்பருடைய விஷயம் என்று சொல்லி, போன் பண்ணிக் கேட்டிருந்தார். "பெலனின்னு தீர்ப்பானா, நீங்க காத்துக்கிட்டிருக்க க்ரீன் கார்டு காலி. வேலை காலி. வீட்ட வித்துட்டு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்."

"பதினஞ்சு வருசம் அலைஞ்சது ஒரு நாயால போகுதா!" என்றார் பெரியப்பா.

அப்பா தொண்டையைச் செருமினார். "சின்னப் பிள்ளைங்கன்னா வேற கோர்ட்டாம். கவுன்சலிங் அது இதுன்னு சொல்லி விட்டுருவாங்க. பெருசானதும் ரெக்கார்டையே மூடி வச்சிருவாங்களாம்."

என் அப்பா கம்ப்யூட்டர்காரர். எந்தச் சிக்கலையும் துண்டு துண்டாக்கி, எது உடைந்தால் நஷ்டம் குறைவு என்று பார்க்கத் தெரிந்தவர். அந்த வாக்கியத்துக்கு அடுத்த வாக்கியம் ஒன்று உண்டு என்று எல்லோருக்கும் தெரிந்தது, யாரும் அதைச் சொல்லவில்லை. பெரியம்மா, "வேண்டாம்," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை, யாரும் திரும்பிப் பார்க்கவுமில்லை.

"தம்பி, இங்க வாடே," என்று அப்பா மாடிப்படியில் உட்கார்ந்திருந்த அண்ணனைக் கூப்பிட்டார். "உன்ன ஒருத்தனத்தான் இந்த நாட்டுல வெளிய போன்னு யாரும் சொல்ல முடியாது."

"நான் தொறந்தேன் சித்தப்பா. பூட்டுனேன்னு எப்படிச் சொல்ல?"

"ஒரு வார்த்தைதானடே."

அண்ணன் தன் அப்பாவைப் பார்த்தான். பெரியப்பா நகத்துக்கிடையில் இருந்த மண்ணை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் வாய்விட்டுக் கேட்டிருந்தால் அவன் மறுத்திருக்கலாம். அவர் கேட்கவேயில்லை. கேட்காத ஒன்றை எப்படி மறுப்பது?

எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம் உண்டு. எல்லோரும் தரையில் முழங்காலிடுவோம், பெரியப்பா ஜெபிப்பார். அன்றும் ஜெபித்தார்.

"கர்த்தாவே, எங்கள் பிள்ளை அறியாமல் செய்த தவறை மன்னித்தருளும். அவன் இருதயத்தை மாற்றும். இந்த வீட்டைக் காத்துக்கொள்ளும்."

குரல் உடைந்தது. நிஜமாகவே அழுதார். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அண்ணன் கண்ணை மூடியிருக்கவில்லை. யாரோ புதிதாக வீட்டுக்கு வந்தவரைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆமென் சொன்னோம். காலையில் ஜன்னலில் நான் பார்த்தது தப்பாகத்தான் இருக்கும் என்று அந்த ஆமெனில் எனக்கு உறுதியாகிவிட்டது. ஆண்டவரிடம் போய் யாராவது பொய் சொல்வார்களா?

மறுநாள் அதிகாரி வந்தபோது, என்றைக்குமில்லாமல் அம்மா எனக்குக் காலையிலேயே எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். குழாயைத் திறந்து விட்டிருந்தாள். கீழே பேசியது கேட்கவில்லை. ஏன் செய்தாய் என்று கேட்டதற்கு, ரொம்பக் குரைத்தது என்று அண்ணன் சொன்னானாம். அதிகாரி அவனை வெகுநேரம் பார்த்தாளாம். பெரியம்மா பிறகு சொன்னது.

சிறுவர்களுக்கான கோர்ட்டு. வாராவாரம் கவுன்சலிங். அப்பா சொன்னபடியேதான் நடந்தது, கணக்கில் பிசகே இல்லை. சபையில் மட்டும், ஆன்ட்டிகள் தங்கள் பிள்ளைகளை அண்ணன் உட்கார்ந்திருந்த வரிசையிலிருந்து மெல்ல எழுப்பிக்கொண்டு போனார்கள். "இப்படிப் பிள்ளைய வச்சுக்கிட்டு என்ன பொறுமை அங்கிளுக்கு!" என்றார்கள். பெரியப்பா தலையைக் குனிந்துகொள்வார். அது அடக்கம் என்று எல்லோரும் நினைத்தோம். க்ரீன் கார்டு வந்தபோது ஆராதனை நடுவில் எழுந்து நின்று நன்றி சொன்னார். எல்லோருக்கும் பிரியாணி. அண்ணன் சாப்பிட வரவில்லை. அதற்குள் அவன் ட்ரம்பெட்டையும் விட்டிருந்தான். பள்ளி முடிந்ததும் வடக்கே எங்கோ மீன்பிடிப் படகில் வேலைக்குப் போனான். பெரியம்மாவுக்கு மட்டும் கிறிஸ்துமஸுக்கு போன் வரும்.

கோர்ட்டு சொன்னபடி ரெக்கார்டை மூடி வைத்தது. நாங்கள்தான் திறந்தே வைத்திருந்தோம். பாளையங்கோட்டைக் கல்யாண வீடுகளில் இன்றைக்கும் அவன் "அந்த நாயக் கொன்ன பய". பெரியப்பா இருக்கும்போதே சொல்வார்கள், அவரும் பெருமூச்சு விடுவார். எந்த வருஷத்தில் அவரே அதை நம்பத் தொடங்கினார் என்று எனக்குத் தெரியாது. நான் இப்போது இருக்கும் சான்டா கிளாராவின் தமிழர் வாட்ஸாப் குழுவில், நாயை வதைத்தவனுக்குச் சிறை என்று செய்தி வரும்போதெல்லாம் யாராவது சிரிப்புப் பொம்மை போடுவார்கள், "ஒரு நாய்க்குப் போயா!" என்று. அப்போது அந்தக் கதவின் உள்பக்கம் எனக்கு ஞாபகம் வரும். சட்டம் எங்கள் வீட்டுக்குச் சரியான கேள்வியோடுதான் வந்தது. நாங்கள் தவறான ஆளைக் கொடுத்து அனுப்பினோம்.

கோர்ட்டுக்குப் போவதற்கு முந்தின வாரம் ஒரு சாயங்காலம். நான் வாசலில் கார் நிறுத்துகிற சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் மீன் வரைந்துகொண்டிருந்தேன். அண்ணன் தபால் பெட்டியிலிருந்து தபாலை எடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டு அம்மாள் தன் வீட்டுப் புல்வெளியைக் கடந்து நேரே அவனிடம் வந்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்து எழுந்துவிட்டேன். அவள் அடிக்கவில்லை. ஏதோ கேட்டாள். அவளுடைய டெக்சாஸ் இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரியும், அதிலும் அவள் தணிந்த குரலில் பேசினாள். யார், நிஜமாக யார் என்று மட்டும் காதில் விழுந்தது. அண்ணன் எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்தான். ஜன்னலில் விளக்கு எரிந்தது, உள்ளே குக்கர் விசில் அடித்தது. அவன் இல்லை என்று தலையாட்டினான். அவள் மறுபடியும் கேட்டாள். அவன் மறுபடியும் தலையாட்டினான். அவள் அவனுடைய இரண்டு கைகளையும் முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, பெரியவர்கள் தெருவில் அழமாட்டார்கள் என்பதையெல்லாம் மறந்து, அழுதாள். தபால் கீழே விழுந்தது, அவன் குனியவில்லை.

போயும் போயும் ஒரு கிழட்டு நாய்க்காக, இத்தனை நாள் கழித்தும், அதைக் கொன்றவன் கையையே பிடித்துக்கொண்டு அழுகிறாளே என்று, கையில் சாக்பீஸோடு நின்ற எனக்கு அவளைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாக இருந்தது.