பின்மண்டையில் இரண்டு ஓட்டை

இன்று பள்ளியிலிருந்து ஓர் ஆதிமனிதக் குழந்தையின் மண்டையோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பிளாஸ்டரில் செய்த மாதிரிதான். நாளை ஒன்பதாம் வகுப்பில் காட்ட வேண்டும்.

கேட்டில் செக்யூரிட்டி செல்வம் அண்ணன் பார்த்துவிட்டார். மர்பி டவுன்காரர். எதையும் கேட்காமல் விடமாட்டார்.

"பின்னால இன்னா மேடம் ரெண்டு ஓட்டை?"

டீச்சர் புத்தி. உற்சாகமாக ஆரம்பித்துவிட்டேன்.

"சிறுத்தை கடிச்சதுண்ணா. அதோட கீழ்க் கோரைப்பல் ரெண்டும் இதுல கரெக்டா உட்காருது. அப்போ நம்மாளு வேட்டைக்காரன் மட்டும் இல்ல, இரையும்தான். தலையைக் கவ்வி இழுத்துட்டுப் போயிருக்கும்."

அவர் இரண்டு விரல்களை ஓட்டைகளில் விட்டுப் பார்த்தார்.

"வர்ற சத்தம் கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்காது."

அப்போதுதான் அவர் தலைக்கு மேலே ஒட்டியிருந்த நோட்டீஸ் என் கண்ணில் பட்டது. நேற்று நம் காம்பவுண்டு கேமராவில் பதிவான சிறுத்தையின் படம். கீழே, 'யாரும் பதற வேண்டாம்.' காலையில் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன்.

செல்வம் அண்ணன் நாற்காலியைத் தூக்கிக் கேபின் சுவரோடு ஒட்டிப்போட்டு, பின்மண்டையைச் சுவரில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் சி பிளாக் வரைக்கும் பின்னோக்கியே நடந்து வந்தேன்.

ஆர்டர் செய்த இட்லி கேட்டுக்கு வந்துவிட்டதாம். செல்வம் அண்ணன் போனில், "நீங்களே வந்து வாங்கிக்கோங்க மேடம், நான் செவுத்த விட்டு நகர மாட்டேன்" என்கிறார்.

சி பிளாக்கில் யாராவது கீழே போகிறீர்களா? முன்னால் நீங்கள் நடங்கள். பின்னாலும் நீங்களே நடங்கள்; நான் நடுவில் வருகிறேன்.