கதிர் வந்த பின் வந்த யூரியா

அந்தப் பெரும்போக நெற்செய்கைக்கு முன்னர் என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். விவசாயக் கல்லூரியில் முறையாகப் பயின்று, கொட்டியார் குடாவுக்கு அப்பாலுள்ள வயற்கிராமங்களுக்கு விவசாயப் போதனாசிரியராக நியமனம் பெற்றவன் நான். திருகோணமலையிலிருந்து லோஞ்ச் படகில் மூதூருக்குப் போய், அங்கிருந்து துவிச்சக்கர வண்டியில் கிளிவெட்டியை அடைவேன். அவ்வூர் உழவர்களின் கமக்காரர் அமைப்பின் தலைவர் தம் வீட்டு முற்றத்தில் எனக்காக ஒரு கதிரையை எடுத்துப் போட்டிருப்பார். அவ்வீட்டில் கைப்பிடி வைத்த கதிரை அது ஒன்றுதான். நான் அமரும்வரை அவர் அமர்ந்ததில்லை. நான் குறித்த நாளில் விதைத்தார்கள். நான் சொன்னபோது நீரை வடித்தார்கள்.

யுத்தம் முற்றிய பின், யூரியா வெடிமருந்துக்குப் பயன்படும் என்ற சந்தேகம் எழுந்தது. அரசாங்கம் யூரியாப் பசளையை மானிய விலையில் வழங்கத் தவறவில்லை. ஆனால் ஒவ்வொரு மூடைக்கும் அனுமதி தேவைப்பட்டது. அந்தப் போகத்தில், விதைத்த இரண்டாம் வாரத்திலிருந்து பகுதி பகுதியாக இட வேண்டிய யூரியா, கதிர் வெளிவந்த பிறகு ஒரே லொறியில் வந்து இறங்கியது.

“இனி இதை வயலில் இடக்கூடாது. அடுத்த போகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்” என்றேன்.

“எங்க ஐயா வைக்கிறது? தலைமாட்டிலயோ?” என்று லொறியடியில் நின்ற ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

தலைவர் சிரிக்கவில்லை. “ஆமி சுற்றிவளைச்சுத் தேட வரேக்க வீட்டுக்குள்ள நாலு மூடை யூரியா கிடந்தா, அது வயலுக்கெண்டு ஆர் நம்பப்போறாங்கள்? வீட்டில வைக்க ஏலாது ஐயா. நீங்கள் வந்து சொல்லுவியளோ? நீங்கள் பின்னேர லோஞ்சில போயிடுவியள்.”

கல்லூரியில் இதற்கு விடை கற்பிக்கப்படவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் மூடைகள் அனைத்தும் வயல்களில் கொட்டப்பட்டன. வெறும் பைகளைக் கழுவி, தெருவால் போகிறவர் கண்ணில் படும்படி வேலிகளில் காயப்போட்டார்கள்.

பயிர் கரும்பச்சையாகித் தழைத்தது. பிறகு காற்றுக்குச் சாய்ந்தது. கதிரின் கழுத்தில் நோய் விழுந்தது. கையில் உருவிப் பார்த்தால் பாதிக்கு மேல் மணி பிடிக்காத சப்பி.

அறுவடையின்போது விளைச்சலை அளப்பது என் கடமை. நான்கு மர முளைகளையும் ஒரு கயிற்றையும் கொண்டு சதுரம் கட்டி, அதற்குள் விளைந்ததை அறுத்து நிறுக்க வேண்டும். சதுரம் எங்கே விழ வேண்டும் என்பதை என் விருப்பமல்ல, குலுக்கல் முறையில் எண்கள் அச்சிட்ட என் அட்டையே தீர்மானிக்கும். அந்த எண்களின்படி வரம்பிலிருந்து அடி வைத்து நடப்பேன். தலைவரின் வயலில் அடி வைத்து நின்ற இடம், பயிர் முழுவதும் படுத்துக் கிடந்த இடம்.

“ஐயா, அந்த மூலையில கட்டுங்கோ. அங்க நல்லாக் கிடக்கு” என்றார் தலைவர்.

“அட்டை காட்டிய இடம் இதுதான்.”

“இதை அப்பிடியே எழுதினா மானியப் பசளையால பிரயோசனம் இல்லையெண்டுதான் வாசிப்பாங்கள். அடுத்த போகம் தரமாட்டாங்கள். எங்கட வயிறு ஐயா.”

“அளந்ததை மாற்றி எழுத என்னால் ஏலாது.”

“ஓம். உங்களுக்கு மாதம் முடியச் சம்பளம் வரும்.”

பக்கத்து வயல், கணவனை இழந்த ஒரு பெண்ணுடையது. வயலின் பத்திரம் இறந்தவர் பெயரில் இருந்தமையால் அவருக்கு மானியம் கிடைக்கவில்லை. மாட்டெருவையும் வைக்கோலையும் மட்டும் இட்டிருந்தார். “லிஸ்ற்றில பேர் இல்லாததால தப்பினன் ஐயா” என்றார். அவருடைய பயிர் குட்டையானது. ஆனால் நிமிர்ந்து நின்றது, மணி பிடித்திருந்தது. தலைவரின் சதுரத்தைவிட அங்கே அறுத்த நெல்லின் நிறை கூடுதலாக இருந்தது. இரண்டையும் அறிக்கையில் எழுதினேன். யூரியா உரிய வாரத்தில் கிடைத்திருந்தால் இரு வயல்களும் அதைவிட மேலாக விளைந்திருக்கும் என்பதையும் எழுதினேன்.

அடுத்த போகத்தில் அந்தப் பகுதிக்கு வந்த யூரியா பாதியாகக் குறைந்தது. காரணத்தை எவரும் எனக்கு அறிவிக்கவில்லை. கிளிவெட்டியில் எவரும் என்னிடம் கேட்கவுமில்லை.

நான் போனபோது தலைவரின் முற்றத்தில் கதிரை இல்லை. அது உள்ளே சுவரோரமாக இருப்பது வாசலிலிருந்தே தெரிந்தது. அவர் நின்றபடி பேசினார். நானும் நின்றபடி பேசினேன். அதன் பிறகு வாய்க்கால் ஓரத்து மருதமரத்தடியில் துவிச்சக்கர வண்டியைச் சாய்த்துவிட்டு, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன சோற்றைத் தனியே உண்டேன். அந்தப் பெண் மட்டும் வரம்பில் நின்று தலையசைப்பார். பிறர் பார்த்தால் குனிந்துகொள்வார். லோஞ்சில் அவ்வூரார் ஏறினால் எனக்கு எதிர்ப்புறம் போய் அமர்வார்கள். குடாவைக் கடக்கும் நேரம் முழுவதும் நான் நீரையே பார்த்துக்கொண்டிருப்பேன். மாற்றலாகும்வரை நான்கு ஆண்டுகள் அப்படியே கழிந்தன. தலைவரின் மரணச் செய்தியைப் பிற்காலத்தில் மூன்றாம் நபர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன்.

கதிரை தரப்படாத கோபத்தில் நான் மோசமான இடத்தில் கயிறு கட்டி, பசளையை நிறுத்தும்படி எழுதினேன் என்று இன்றும் சொல்கிறார்கள். அது தவறு. நான் கயிறு கட்டிய நாளில் கதிரை முற்றத்தில்தான் இருந்தது. பசளையை நிறுத்தும்படி நான் எழுதவில்லை. நேரத்துக்கு அனுப்பும்படி எழுதினேன்.