ஐநூறு எம்பியில் நான் கழற்றியவை

பழைய கம்ப்யூட்டரை ஓடவைக்கிறவனால் சும்மா உட்கார முடியாது. எதையாவது கழற்றிக்கொண்டே இருப்பான். திரையில் சுற்றும் அந்தச் சின்ன வட்டத்தைப் பார்த்து நகம் கடித்தவர்களுக்கு என் பாடு புரியும்.

டோக்கன் நம்பர்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் காதர் பாயின் பிரியாணிக் கடை. பார்சல் டோக்கன் நம்பரைக் காட்ட ஒரு பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்தார். ராம் என்கிற நினைவகம் வெறும் ஐநூறு எம்பி. ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்த்து உறைந்துவிடும்; கூட்டம் கத்தும். இலகுவான லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, பிரிண்டர், சத்தம் இவற்றுக்கான மென்பொருளையெல்லாம் பிடுங்கி எறிந்தேன். பறந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதை அப்படியே ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டேன், இனி எல்லோருக்கும் இதுதான் என்று.

பாய் சொன்னார்: "நம்பர் தெரியுதுல்லப்பா? நமக்கு அம்புட்டுப் போதும்."

ஆயக்குடி லேப்டாப்

கவிதா கைக்குழந்தையோடு ஆயக்குடியிலிருந்து என் ரிப்பேர் கடைக்கு வந்தார். பள்ளியில் கொடுத்த இலவச லேப்டாப், ராம் இரண்டு ஜிபி. வியாழன் பதினொரு மணிக்கு வீடியோவில் இண்டர்வியூ. எனக்கோ அவசரம். அதே பென்டிரைவைச் செருகினேன். கேமராவில் அவர் முகம் தடங்கலில்லாமல் வந்தது. அத்தோடு மூடிக் கொடுத்துவிட்டேன்.

"பாத்துச் செய்யுங்கண்ணா. கொழந்தைய வெச்சுக்கிட்டு வீட்டுலயே பாக்கற வேலை, இத விட்டா எனக்கு வேற இல்லீங்க."

வியாழன், பதினொன்று ஐந்து

கவிதா போனில் கூப்பிட்டார். "அண்ணா, அவங்க வாய் அசையுது, சத்தம் வரலீங்க."

பாய் கடைக்காகச் சத்தத்தைக் கழற்றியவன், அதையே கவிதா தலையிலும் கட்டியிருக்கிறேன். திரும்ப ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும். கடைக்குள்ளேயே நடந்தேன், வாசலுக்குப் போனேன், திரும்ப வந்தேன். ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

அவர் என்னை நம்பிக் காத்திருக்கவில்லை. ஒரு நோட்டில் தன் போன் நம்பரைப் பெரிதாக எழுதி, 'சத்தம் கேட்கவில்லை, இதில் கூப்பிடுங்கள்' என்று கேமராவுக்கு நேரே பிடித்திருக்கிறார். முகம் லேப்டாப்பில், குரல் போனில். சாயங்காலம் மறுபடி அழைத்தார்.

"வேலை கெடச்சிருச்சுங்கண்ணா. ஆனா கழட்டறதுக்கு முன்னாடி, உனக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்க."

இப்போதெல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் கழற்றுகிறேன். கம்ப்யூட்டர்கள் வேகமாகத்தான் ஓடுகின்றன, நான்தான் மெதுவாகிவிட்டேன்.