குரல் பதிவு போடக்கூடாது

கண்டி நெட் கஃபேயில் உட்கார்ந்து தமிழ்க் கருத்துக்களம் ஒன்றில் நான் எழுதிய காலத்தில், எங்களுக்குப் பெரிய ஒழுங்குகள் இருந்தன. புதிதாக வருபவர் முதலில் தன்னை அறிமுகப்படுத்த வேண்டும். பழைய பதிவுகளைப் படிக்காமல் கேள்வி கேட்டால் கடித்துக் குதறிவிடுவோம். இணையத்தில் மரியாதை என்றால் ஒழுங்காக எழுதுவது என்பதுதான் என் கட்சி.

அதே கட்சியோடுதான் மகளின் வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்குள் போனேன். ஆசிரியையும் பெற்றோரும் இருந்த குழு. அதை நடத்தியவர் ஒரு பிள்ளையின் தந்தை, வழக்குப் பேசும் சட்டத்தரணி. குரல் பதிவு போடக்கூடாது என்று விதி வைத்திருந்தார். வேலை நேரத்தில் கேட்க முடியாதாம். நான் கைதட்டும் படம் போட்டேன்.

கலஹாவிலிருந்து ஒரு தாய் மட்டும் அடங்கவில்லை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். மெல்ல வாசிப்பார், எழுத வராது. எது கேட்பதென்றாலும் குரல் பதிவுதான் போடுவார். "தயவுசெய்து எழுதவும்" என்பார் சட்டத்தரணி. "சரிங்க சார்" என்று பதில் வரும், அதுவும் குரலில். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

பிள்ளைகள் அநுராதபுரத்துக்குச் சுற்றுலா போகிற அன்று விடியவே நல்ல மழை. மகளை ஏற்றிவிட்டு நான் நின்ற பாடசாலை வாசலில் பஸ் புறப்படத் தயார். கலஹாப் பிள்ளையை மட்டும் காணவில்லை. குழுவில் அந்தத் தாயின் குரல் பதிவு ஒன்று கிடந்தது. யாரும் திறந்ததாகத் தெரியவில்லை. ஆசிரியை பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தார். எரிச்சலோடு நான் திறந்தேன்.

"டீச்சர், ரோட்டுல மரம் விழுந்து கெடக்குங்க. எங்க பக்கம் பஸ் வராது. மரத்தத் தாண்டி நடந்து, அந்தப் பக்கம் ஆட்டோ புடிச்சு வந்துக்கிட்டு இருக்கோம். புள்ள ரொம்ப ஆசப்பட்டுச்சு. விட்டுட்டுப் போயிறாதீங்க."

பின்னால் பிள்ளை விம்முவதும் கேட்டது. ஓடிப்போய் ஆசிரியையின் காதில் போனை வைத்தேன். கேட்டதும் அவர் சாரதியைக் காத்திருக்கச் சொன்னார். விதி எக்கேடு கெட்டால் என்ன என்று நானும் மைக்கை அழுத்தினேன்.

"பயப்பிடாதேங்கோ அக்கா. பஸ் நிக்குது. ஓடாமல் ஆறுதலா வாங்கோ."

தலை நனைந்த அந்தச் சிறுமி ஆட்டோவிலிருந்து குதித்து பஸ்ஸில் ஏறியதும் பிள்ளைகள் போட்ட கூச்சலில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான்.

பின்னேரம் அந்தத் தாய் குழுவில் எல்லோருக்கும் நன்றி சொன்னார். விதியை மீறியதற்கு மன்னிப்பும் கேட்டார். பிறகு சட்டத்தரணியிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. நீதிமன்றத்தில் முழங்குகிற மனிதர், தொண்டையைச் செருமிக்கொண்டு தடுமாறினார்.

"மன்னிப்பெல்லாம் வேணாம் தங்கச்சி. நீங்க பேசுங்க. நாங்க கேக்குறோம்."