கரீம் பாய் கிரவுண்டுக்குள் வராத காரணம்

கரீம் பாய் போய்விட்டார். நேற்று மதியம் வாணியம்பாடியில் அடக்கம். மண் போட்டுவிட்டு வந்ததிலிருந்து மனசு சரியில்லை...

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. எண்பதுகளின் ஆரம்பத்தில் வாணியம்பாடியிலிருந்து காவலூருக்கு ஜீப் ஓட்டியவர். எங்கள் ஃபுட்பால் டீமுக்கு இருந்த ஒரே ரசிகர் என்றாலும் தப்பில்லை.

அதிலும் கோல் போடுகிறவனை அவர் கண்டுகொள்ளவே மாட்டார். டிஃபன்ஸ்தான் எல்லாம். நான் லெஃப்ட் பேக், அதனால் எனக்குத் தனி மரியாதை. "கோல எவன் வேணா போடுவான்பா. வுடாம நிக்கணும், அதான் ஆட்டம்" என்பார்.

அந்த வருஷம் டோர்னமென்ட்டுக்கு முன்னால் மலை மேல், காவலூரில் பத்து நாள் கேம்ப். சாமை அறுத்துச் சும்மா கிடந்த ஒரு கொல்லைதான் கிரவுண்ட். நல்ல சரிவு.

பேக் ஆடிய நாங்கள் நாலு பேரும் தினமும் மேட்டுப் பக்க கோலைத்தான் காத்தோம். எதிரே ஆடிய எங்கள் டீம் பையன்களுக்கு மேடேறி வருவதற்குள் மூச்சு வாங்கிவிடும். பந்தும் பாதியில் நின்று அவர்கள் பக்கமே உருளும்... எப்படி கோல் விழும்?

பாய்க்கு அது தோன்றவே இல்லை. காலையில் அரிசி, கறியோடு வருவார். ஜீப் பானெட் மேல் உட்கார்ந்து பார்ப்பார். கீழே போய் டீக்கடை டீக்கடையாகச் சொல்வார். "இந்த தபா நம்ம டீம் மேல ஒரு கோல் வுழாது, எழுதி வெச்சுக்கோ."

ஒருநாள் ஜீப் ரிப்பேர், அவர் வரவில்லை. அன்றைக்குத்தான் சைடு மாற்றி ஆடிப் பார்த்தோம். பள்ளத்துப் பக்கம் நாங்கள். ஐந்து கோல் வாங்கினோம்.

மறுநாள் வந்ததும் என்னிடம்தான் கேட்டார். "நேத்து எத்தினி வுட்டீங்க?"

"ஒண்ணுகூட இல்ல பாய்."

"சபாஷ் கண்ணு" என்று முதுகில் தட்டினார். அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. கொஞ்சம் பெருமையும்தான், மறைப்பானேன்.

டவுன் கிரவுண்ட் சமதளம். முதல் மேட்ச்சிலேயே, இடைவேளைக்குள் நாலு கோல்... டோர்னமென்ட் அன்றோடு முடிந்தது.

தலை குனிந்து வந்த எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார் பாய். "உங்க மேல தப்பு இல்லபா. ஊர் பூரா பெருமையா பேசுனேன் இல்ல... என் கண்ணே பட்டுடுச்சு. இனிமே நான் உள்ள வர்ல."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அப்போதே "கண்ணும் இல்ல ஒண்ணும் இல்ல பாய், அந்தக் கொல்லை சரிவு" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என் பொய்யும் வெளியே வரும். சும்மா இருந்துவிட்டேன்.

அதற்கப்புறம் அவர் கிரவுண்டுக்குள் கால் வைக்கவே இல்லை. எந்த மேட்ச் என்றாலும் காம்பவுண்டுக்கு வெளியே ஜீப்பில் உட்கார்ந்திருப்பார். வெளியே வருகிறவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

நேற்று எல்லாம் முடிந்ததும் அவர் மகன் யூசுஃப் என் பக்கத்தில் வந்து நின்றான். அவனும் ஸ்கூல் டீமில் பேக் ஆடியவன்.

"அங்கிள், அப்பாவ உங்களுக்கு ரொம்ப நாளா தெரியும். நான் ஆடுன ஒரு மேட்ச்சுகூட அவர் பாக்க வர்ல. எம்மேல இன்னா கோவம் அவருக்கு?"

எனக்குத் தெரியும். தெரிந்தும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்...

யூசுஃப், இதை நீ படிப்பாய். கோபமே இல்லப்பா. தன் கண் உன்மேலும் பட்டுவிடுமோ என்று பயந்தார். ஒரு வார்த்தையில் அந்தப் பயத்தை நான் போக்கியிருக்கலாம். நாற்பது வருஷம் வாய் திறக்கவில்லை.

மன்னிச்சுடுங்க பாய். போய்ட்டு வாங்க.